பிறர் கனவுக்குப் பேனா பிடித்தவர்

பிரான்சு தேசத்தின் தென்பகுதியிலே, ஏரோ மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் 1931-ல் பிறந்த ழான்-க்ளோத் காரியேர், 1957-ல் தமது முதல் நாவலைப் பிரசுரித்தபோது, தம் ஆயுளின் பெரும்பகுதி பிறருடைய கனவுகளுக்கு எழுத்துருவம் தருவதிலேயே கழியும் என்று எண்ணியிருக்க நியாயமில்லை. அந்தப் பாதையில் அவரைத் திருப்பிவிட்டவர் ஹாஸ்ய நடிகரும் டைரக்டருமான ழாக் தாத்தி.

தாத்தியின் படங்களை நாவலாக்கித் தரும் பணி காரியேருக்கு வாய்த்தது. ஒரு படம் எப்படி உருவாகிறதென்பதே இந்த இளைஞருக்குத் தெரியாது என்று கண்ட தாத்தி, அவரை எடிட்டர் சூசான் பரோனிடம் ஒப்படைத்தார். அந்த அம்மையார் திரைக்கதைப் பிரதியையும் படச்சுருளையும் அருகருகே வைத்து, எழுத்து எவ்விடத்தில் பிம்பமாக மாறுகிறது, எவ்விடத்தில் மாறமுடியாமல் உதிர்ந்துபோகிறது என்று காட்டினார். எழுதுகிறவனுக்கு வெட்டுமேஜையே முதல் பாடசாலையாக அமைந்தது பெரும் பாக்கியம். நம் காலத்து வசன கர்த்தாக்களில் எத்தனை பேருக்கு அது கிட்டியிருக்கிறது?

ஹாஸ்ய நடிகர் பியேர் எத்தேயுடன் சேர்ந்து எடுத்த குறும்படம் ஆஸ்கார் பரிசு பெற்ற 1963-ஆம் ஆண்டிலேயே, ஸ்பெயின் நாட்டுத் திரைப்பட மேதை லூயி புனுவெல், கான் நகரில் காரியேரைச் சந்தித்தார். மது அருந்துவது உண்டா என்பதே கிழவர் கேட்ட முதற்கேள்வி. அருந்துவது மட்டுமன்று, எங்கள் குடும்பமே அதை உற்பத்தி செய்கிறது என்று இளைஞர் சொன்னதில் பாதிக் காரியம் முடிந்துவிட்டது. அதன்பின் இருவரும் மனைவி மக்களை விட்டு, ஒதுக்கமான ஒரு விடுதியில் வாரக்கணக்காகத் தங்கி, ஒன்றாக உண்டு, மாலையில் அரைமணி நேரம் தனித்தனியே அமர்ந்து ஆளுக்கொரு கதை கற்பித்து, பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்தத் தவத்தின் பலனாக 1964 முதல் 1977 வரை ஆறு படங்கள் வெளிவந்தன. நடுவே காரியேர் வேறு பலருக்கும் எழுதினார்; அவற்றை ஜாபிதா போடுவதில் சுவாரஸ்யமில்லை.

நமக்கு நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். பாரிஸில் பிலிப் லவஸ்தீன் என்ற சம்ஸ்கிருத பண்டிதர் இரவுதோறும் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல மகாபாரதத்தைக் கேட்ட காரியேரும் நாடக டைரக்டர் பீட்டர் புரூக்கும், பத்தாண்டு உழைப்பின் முடிவில், 1985-ல் அவிஞ்ஞோன் விழாவின்போது ஒரு கற்சுரங்கத்தில் ஏறக்குறைய ஒன்பது மணி நேர நாடகமாக அதை அரங்கேற்றினர். அந்த நாடகத்தில் வியாசர் ஒரு சிறுவனுக்குக் கதை சொல்ல, கணபதி எழுத வருகிறார். தர்மம் என்ற சொல்லுக்குப் பிரெஞ்சுப் பதம் தேடாமல் அச்சொல்லையே காரியேர் வைத்துக்கொண்டது அவருடைய மரியாதைக்குச் சான்று. பாரத பூமியின் காவியத்தை அதன் மண்ணிலிருந்து பெயர்த்துவிட்டார்கள் என்று இங்குள்ள விமர்சகர்கள் சினந்தார்கள். கீதை அங்கே கிருஷ்ணன் அர்ஜுனன் காதில் ஓதும் சில வார்த்தைகளாகச் சுருங்கியது எனக்கும் உவப்பில்லை. ஆயினும் காதால் கேட்டே கற்று, கேட்டவாறே சொல்ல முயன்ற அந்த எழுத்தாளரைச் வாய்மொழியாகக் கதை சொல்லும் சூதர் மரபுக்கு அந்நியர் என்று தள்ள என் மனம் இடங்கொடுக்கவில்லை. இந்திய அரசு 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.