எட்டு மைல் கிழக்கே

வட கரோலினாவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பலகைகள் நன்றாகப் பழக்கம். கம்பத்தின் மேல் வெள்ளி நிற அலுமினியப் பலகை, உச்சியில் மாநில முத்திரை, கறுப்பெழுத்தில் நாலைந்து வரி. 1935இல் சட்டமன்றம் அனுமதி கொடுத்தது. அடுத்த வருடம் முதல் பலகை நட்டார்கள். இன்று 1,600க்கு மேல் இருக்கின்றன. எண்ணுள்ள நெடுஞ்சாலை ஓரத்தில்தான் நடவேண்டும் என்பது விதி. சம்பவம் மலை இடுக்கில் நடந்திருந்தாலும் பலகை தார்ச்சாலையில் நின்று, இத்தனை மைல், இந்தத் திசை என்று சொல்லும். நான் காரை நிறுத்தித்தான் படிப்பேன். வீட்டில் இதற்கு நல்ல பெயர் கிடையாது.

மேடிசன் கவுண்டியில், 208ஆம் எண் சாலையோரம், ஷெல்டன் லாரல் படுகொலைப் பலகை நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கை ஆதரிப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட 13 ஆண்களையும் சிறுவர்களையும் தெற்குப் படையினர் 1863 தொடக்கத்தில் கொன்றார்கள். கல்லறைகள் எட்டு மைல் கிழக்கே. அவ்வளவுதான்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விவகாரம் தொடங்கியதே உப்பில். பன்றி இறைச்சியை உப்பில் பதப்படுத்தி வைத்தால்தான் லாரல் பள்ளத்தாக்கின் மலைக் குடும்பங்கள் குளிர்காலத்தைத் தாண்ட முடியும். போரில் உப்புக்குத் தட்டுப்பாடு. இருந்த உப்பும் தெற்குக்கு விசுவாசமானவர்களுக்கே என்று அதிகாரிகள் கைவிரித்தார்கள். லாரல் பள்ளத்தாக்குக்காரர்கள் 1863 ஜனவரியில் மார்ஷல் ஊருக்குள் புகுந்து உப்பை அள்ளினார்கள். அதோடு விட்டார்களா என்றால், இல்லை. தெற்குப் படையின் 64ஆம் படைப்பிரிவுக் கர்னல் லாரன்ஸ் ஆலன் வீட்டிலும் கொள்ளையடித்தார்கள். உள்ளே அவருடைய பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தார்கள். அந்த நாட்களிலேயே இரண்டு பிள்ளைகள் இறந்தும் போனார்கள்.

பழிவாங்க வந்தது அதே படைப்பிரிவு. லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் கீத் தலைமையில் வந்தவர்கள், ஆண்கள் எங்கே என்று கேட்டுப் பெண்களைச் சவுக்கால் அடித்தார்கள். பிடிபட்டவர்களில் இருவர் தப்பிவிட, மிச்சம் 13 பேரை, டென்னசியில் விசாரணை என்று சொல்லி நடத்திக் கூட்டிப்போய், வழியில் மண்டியிட வைத்துச் சுட்டார்கள். அவர்களில் டேவிட் ஷெல்டன் என்ற பையனுக்கு 13 வயது. கொள்ளைக்குப் போனவர்கள் அந்த 13 பேரில் சிலர்தான்.

ஆளுநர் செபுலன் வான்ஸ் பக்கத்துக் கவுண்டியில் பிறந்தவர், தெற்கின் ஆள்தான். ஆனாலும் கொதித்துப்போய் விசாரணைக்கு உத்தரவிட்டார். கீத் பதவி விலகினார். போர் முடிந்த பிறகு கைதாகிச் சிறையில் கிடந்தவர், 1869இல் தப்பி ஓடிவிட்டார். தண்டனை என்று ஒன்று அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அதே கவுண்டியில் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் இன்னொரு பலகை உண்டு. 1916இல் இங்கிலாந்திலிருந்து வந்த செசில் ஷார்ப் லாரல் பகுதியில் கதைப்பாடல்கள் சேகரித்ததையும், அவருக்கு நிறையப் பாடிக்கொடுத்த ஜேன் ஜென்ட்ரி அங்கே வாழ்ந்ததையும் அது சொல்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளை அந்த அம்மா நினைவிலிருந்தே பாடினார். வந்தவர் பெயரும் பாடியவர் பெயரும் பலகையில் இருக்கின்றன. சுற்றுலாக்காரர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாட்டுக்குப் பெயர் போட இடம் இருந்திருக்கிறது. கொலைப் பலகையில் செத்தவன் பெயரும் இல்லை, சுட்டவன் பெயரும் இல்லை. இடம் போதவில்லை என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். டேவிட் ஷெல்டன், ஜேம்ஸ் கீத் என்ற இரண்டு பெயருக்கு ஒரு வரி போதும்.