ரெண்டு தங்கமீன், கொஞ்சம் வாலிஸ்னேரியா, அஞ்சாறு நத்தை

"செடி வெச்சா போதும் சார், மோட்டாரெல்லாம் வேணாம். செடியே ஆக்சிஜன் குடுத்துடும்."

மீன் கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். பராமரிப்பே வேண்டாத செடின்னு அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வாங்கி, ரெண்டடி தொட்டியில் நட்டு, எட்டு தங்கமீன் விட்டேன். மூணாம் நாள் காலையில் ஏழு மிதந்தது. தங்கமணி ரெண்டு நாள் பேசவே இல்லை. அப்புறம் உட்கார்ந்து நோண்டினப்போதான் தெரிஞ்சது, அந்த டயலாக்குக்கு வயசு 150-க்கு மேல :)

லண்டனில் ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர். 1841-ல் கெமிக்கல் சொசைட்டியை ஆரம்பிச்சவர்களில் ஒருத்தர். வெளிச்சத்தில் செடி காற்றைச் சுத்தம் பண்ணும்னு பிரீஸ்ட்லியும் இங்கன்ஹவுஸும் 1770-களிலேயே காட்டியிருந்தாங்க. அப்போ தண்ணியே மாத்தாம மீன் வளர்க்க முடியுமா? இதுதான் மனுஷனோட கேள்வி. 1849-ல் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் மணல், கல், தண்ணி, ரெண்டு சின்ன தங்கமீன், கூடவே வாலிஸ்னேரியா. ரிப்பன் மாதிரி நீளமா வளருமே, அந்தச் செடி.

முதல்ல சொதப்பல்தான். பழைய இலைகள் அழுகி, தண்ணி கலங்கி, பச்சையா வழவழன்னு படிய ஆரம்பிச்சது. நம்மாளா இருந்தா தொட்டியைக் கழுவி கவிழ்த்திருப்போம். அவர் அஞ்சாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். அழுகினதை நத்தை தின்னது, தண்ணி தெளிஞ்சது. நத்தையோட முட்டை மீனுக்குச் சாப்பாடு! 1850-ல் சொசைட்டியில் கட்டுரை படிச்சார். செடி, மீன், நத்தை மூணும் ஒண்ணையொண்ணு தாங்குற 'சமநிலைத் தொட்டி'ங்கற எண்ணம் பரவினதுக்கு முக்கிய காரணம் இதுதான்.

இங்கிலாந்தில் 1845-லேயே கண்ணாடி வரியை நீக்கியிருந்தாங்க, விலை இறங்கியிருந்தது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் காட்சியகம் திறந்தது, 1854-ல் காஸ் 'தி அக்வேரியம்' புத்தகம் போட்டார். அவ்வளவுதான், ஊரே தொட்டி வாங்குச்சு. கொஞ்ச வருஷத்துலயே மோகமும் அடங்கிடுச்சு. கண்டபடி மீனைப் போட்டுட்டு 'சமநிலை தானா வரும்'னு காத்திருந்தா எங்கே வரும்? (என்னைச் சொல்லலை. சரி, என்னையும்தான்.)

வாரிங்டன் பொய் சொல்லலை. அவர் போட்டது ரெண்டே மீன், அதுவும் பெரிய பாத்திரத்தில். சூத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டவங்க அளவை மறந்துட்டாங்க. இருட்டினா செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கும். தொட்டி மூச்சு விடறது முக்கியமா தண்ணியோட மேல்பரப்பு வழியா. 1949-ல் நியூயார்க் அக்வேரியத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ், 'சமநிலைத் தொட்டி' ஒரு கட்டுக்கதைன்னே எழுதினார். நூறு வருஷம் ஆச்சு பாருங்க!

இன்னொரு கூத்து. பராமரிப்பு வேண்டாத செடின்னு விக்கிறதெல்லாம் பெரும்பாலும் மெதுவா வளர்ற ஜாதி. ஆப்பிரிக்காவோட அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், இலங்கை ஓடைகளோட கிரிப்டோகோரின் வெண்டி, எல்லாம் அப்படித்தான். மெதுவா வளர்றதாலதான் கொஞ்ச வெளிச்சமே போதுது, வெட்டவும் வேண்டாம். அதே காரணத்தால ஆக்சிஜனும் கம்மி, மீன் கழிவோட அம்மோனியாவை இழுக்கறதும் கம்மி. புதுத் தொட்டியில் அதைச் சரிபண்ற பாக்டீரியா உருவாகவே சில வாரம் ஆகும். நான் குடுத்தது ரெண்டு நாள்!

வாரிங்டனோட வாலிஸ்னேரியா இதில் நடுவாந்திரம். சாதா மணல் போதும், எங்க வீட்டு போர் தண்ணி மாதிரி உப்பு கூடின தண்ணியும் ஒத்துக்கும். பக்கவாட்டில் ஓடி ஓடிக் குட்டி போடும், கழிவையும் நல்லா இழுக்கும். ஒண்ணு மட்டும், நடும்போது குருத்தைப் புதைச்சுடாதீங்க, அழுகிடும்.

இப்போ தொட்டியில் அது காடா இருக்கு. காத்து மோட்டாரும் ஓடுது. பிழைச்ச அந்த எட்டாவது மீன் தனியாத்தான் சுத்துது, இன்னொண்ணு வாங்க தங்கமணி இன்னும் பர்மிஷன் தரலை. நத்தைக்கு மட்டும் ஓகே சொல்லியாச்சு.