பேராசிரியருக்கு அபராதம் போட்ட மாணவர்கள்

1/ ஆலத்தியூர்ல இருந்து காய்ச்சலுக்குக் காட்ட வந்த ஒரு கல்லூரி மாணவி கேட்டாங்க: "டாக்டர், காலேஜ்ல வருஷா வருஷம் கருத்துப் படிவம் தர்றாங்க. அதை யாராச்சும் படிப்பாங்களா?" நல்ல கேள்வி. கொஞ்சம் வரலாறு பார்ப்போம் மக்களே.

2/ 13ஆம் நூற்றாண்டு, இத்தாலியின் பொலோனியா. அங்கே பல்கலைக்கழகம் என்றாலே மாணவர் சங்கம்தான். பேராசிரியர் தாமதமா வந்தா அபராதம். ஊரை விட்டுப் போகணும்னாலும் மாணவர்கள் அனுமதி வேணும்!

3/ பாரிஸில் ஆசிரியர்களே ஆட்சி. பின்னாடி உலகம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போச்சு. 1918ல் அர்ஜென்டினாவின் கோர்டோபா மாணவர்கள் போராடித்தான் நிர்வாகத்துல இடம் வாங்கினாங்க.

4/ இந்தியாவில் 2006ல் லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்றது: மாணவர் பேரவைக்குத் தேர்தல், வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்குள்.

5/ 2017ல் 'நாக்' தர மதிப்பீட்டில் மாணவர் கருத்துக்கணிப்பு சேர்ந்தது. 21 கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் சொந்த வார்த்தையில் எழுதலாம்.

6/ 2023 யுஜிசி விதிப்படி, குறைதீர் குழு 15 வேலை நாளில் அறிக்கை தரணும். அதுல மாணவர் ஒருத்தர் உண்டு. ஆனா சிறப்பு அழைப்பாளரா மட்டும். அவரும் நியமனம்தான், தேர்தல் இல்லை.

7/ நோயாளி சொன்னதை எழுதிக்கிட்டு வைத்தியமே பார்க்காத டாக்டர் எதுக்கு? பதில் வராத படிவமும் அப்படித்தான். அந்த மாணவிகிட்ட சொன்னது இதுதான்: படிவத்தை நிரப்பும்மா. கூடவே, "போன வருஷம் நாங்க சொன்னதுல எது மாறுச்சு?"ன்னு நாலு பேர் சேர்ந்து கேளுங்க.