தாங்களே நடத்திக்கொள்ளும் கல்யாணம்

ஐயர் இல்லை, மண்டபம் இல்லை, நாதஸ்வரம்கூட இல்லை. பிள்ளையும் பெண்ணுமே உட்கார்ந்து பட்டியல் போட்டு நடத்திக்கொள்ளும் கல்யாணம் செல்லுமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூன்றாமவர் எங்கள் கொற்கையிலேயே, அடுத்த தெருக்காரர். பெண்ணின் தகப்பனார். வீட்டு முற்றத்தில் ஓலைப் பந்தல், ஏரலிலிருந்து இரண்டு மாலை, அறுபது பேருக்கு இலை போட்டுச் சொதிச் சாப்பாடு. இவ்வளவுதான் பிள்ளைகளின் திட்டம். "எல்லாம் சரி அண்ணாச்சி, நாளைக்கு ஒண்ணுன்னா இது கோர்ட்ல நிக்குமா? பொம்பளப் புள்ள காரியம்லா" என்றார்.

நிற்கும் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் நிற்க வைப்பதற்குப் பட்ட பாடு பெரிய கதை. அதை எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் பழசிலிருந்து வருகிறேன். அகநானூற்றில் 86, 136 என்ற இரண்டு பாட்டுகளில் அந்தக் காலத்துக் கல்யாணம் ஒன்று அப்படியே இருக்கிறது. பந்தல் போட்டு மணல் பரப்பி விளக்கேற்றுகிறார்கள். உளுந்து சேர்த்த சோறு. ரோகிணி சந்திரனோடு சேரும் விடியற்காலை. பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். தீ வலம் வருவதும் இல்லை, மந்திரமும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணத்துக்கு வந்தால் முதிய பார்ப்பான், தீவலம் எல்லாம் வந்துவிடுகிறது. அந்தக் கண்ணகிக்குச் சாந்தி செய்தவன் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் என்று அந்த நூலே சொல்வதால் எங்கள் ஊருக்கும் அந்தக் கல்யாணத்தில் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்!

சடங்கு ஏன் வந்தது? தொல்காப்பியர் ஒரே வாக்கில் காரணம் சொல்கிறார். காதலித்தவன் பொய் சொல்லிக் கைவிடத் தொடங்கிய பிறகு பெரியவர்கள் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்பது அதன் கருத்து. அதாவது, ஊர் கேட்க ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிறகு இல்லை என்று சொல்ல முடியாது.

இதே காரணம் ரோமாபுரியிலும் வந்தது. எங்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கரானார்கள். அந்தக் காலம் வரை கத்தோலிக்கச் சட்டப்படி ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னாலே கல்யாணம் முடிந்தது. சாமியார் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ரகசியமாக ஒருத்தியைக் கட்டி, பிறகு மறுத்து, இன்னொருத்தியைக் கட்டுகிறவர்கள் பெருகவே 1563ல் திரெந்து பொதுச்சங்கம் பங்குச் சாமியாரும் சாட்சிகளும் முன்னிலையில் இருக்கவேண்டும் என்று விதித்தது. இன்றைக்கும் தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் நடக்கும் கல்யாணத்தில் திருமணம் என்ற அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குவது மணமக்கள்தான். சாமியார் திருச்சபையின் சார்பில் நிற்கும் சாட்சி. இது தெரியாத கிறிஸ்தவ நண்பர்களே எனக்குப் பலர் உண்டு.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரன் 1792ல் கல்யாணத்தைக் கோயிலிடமிருந்து பிடுங்கி நகரசபைக்குக் கொடுத்துவிட்டான். மேரியில் (நகரசபைக் கட்டடத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) பத்து நாள் முன்னதாக அறிவிப்பு ஒட்டவேண்டும். மூவண்ணப் பட்டை அணிந்த மேயர் சட்டப் பிரிவுகளைப் படித்துக் காட்டுவார். இருவரும் "உய்" என்பார்கள், ஆமாம் என்று அர்த்தம். அந்த நேரம் வாசற்கதவு திறந்தே இருக்கவேண்டும். எவர் வேண்டுமானாலும் உள்ளே வந்து ஆட்சேபிக்கலாம் என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

இனி நம் கதை. 1928ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் தலைமையில் நடந்ததுதான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்வார்கள். அதன் பிறகு இம்மாதிரித் திருமணங்கள் ஊர் ஊராக நடந்தன. மேடை உண்டு, மாலை உண்டு, மணிக்கணக்கில் பேச்சும் உண்டு. (சொற்பொழிவுகளுக்குப் பயந்தே புரோகிதரைக் கூப்பிட்டவர்களும் இருந்திருப்பார்கள்.) ஆனால் சட்டம் அருகில் வரவில்லை. 1934ல் நடந்த ஒரு திருமணம் 1953ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் விழுந்தது. ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதி இல்லை, வழக்கம் என்று சொல்லப் பழமையும் இல்லை, மக்கள் தாங்களாகப் புதிய முறையை உண்டாக்கிக்கொள்ள இந்துச் சட்டத்தில் இடமும் இல்லை என்பது தீர்ப்பு. 19 வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு மனைவி மனைவியில்லை என்றால் எப்படி இருக்கும்! அந்த ஒரு குடும்பம் மட்டுமா? ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்டாட்டி பிள்ளைகளின் சொத்துரிமை ஆடிப்போயிற்று. 1955ல் வந்த இந்து திருமணச் சட்டமும் வழக்கச் சடங்கைத்தான் கேட்டது.

அண்ணா முதலமைச்சரான 1967லேயே மசோதா வந்தது. 1968 ஜனவரியில் சட்டமாயிற்று. 7ஏ என்ற அந்தப் பிரிவு சிறியது. உறவினர், நண்பர்கள் அல்லது வேறு எவராவது முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும். மசோதாவில் தாலிக்கு முன்னால் "மற்றும்" என்று இருந்ததை "அல்லது" ஆக்கச் சொன்னவர் பெரியார் என்பார்கள். ஒரு "அல்லது"வின் எடை ஃபைல் பார்த்தவனுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், முன்பே நடந்த திருமணங்களுக்கும் இது செல்லும் என்று எழுதியது. நாற்பது வருஷக் குடித்தனங்களுக்கு ஒரே கையெழுத்தில் உயிர் வந்தது.

நான் பென்ஷன் பிரிவில் இருந்த நாட்களில், புருஷன் போய்விட்ட பெண்கள் கல்யாணத்துக்கு ஆதாரம் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மாள் மொய் நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று ஊரே அதில் இருந்தது. அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தோன்றவில்லை, ஆனால் படிவத்தில் மொய் நோட்டுக்குக் கட்டம் இல்லை.

சண்டை 1968ல் ஓயவில்லை. வக்கீல் அறையில் நாலு பேர் முன்னால் ரகசியமாக நடப்பது திருமணம் அல்ல, ஊரறிய நடக்கவேண்டும் என்று 2014ல் உயர்நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்கு அஞ்சி ஓடிவரும் பெண்ணை ஊரறியக் கல்யாணம் செய்துகொள் என்றால் அவள் எங்கே போவாள்? 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. பகிரங்கமாக நடத்தவேண்டும் என்ற கட்டாயம் 7ஏ பிரிவில் இல்லை; வக்கீலும் நண்பராக முன்னிலை வகிக்கலாம். பிரெஞ்சுக்காரன் திறந்து வைத்த கதவை நம் கோர்ட் தேவைப்பட்டால் சாத்திக்கொள்ள விட்டிருக்கிறது. இரண்டும் பெண்ணைக் காப்பாற்றத்தான்.

அடுத்த தெருக்காரருக்கு நான் சொன்னது இது. வயது, உறவுமுறைத் தடை போன்றவை எல்லாக் கல்யாணத்துக்கும் போலவே இதற்கும் உண்டு. 7ஏ இருவரும் இந்துவானால்தான். வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி. எந்த முறையில் நடத்தினாலும் 2009ஆம் வருஷச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். தவறினால் அபராதத்தோடு இன்னும் 60 நாள். முகூர்த்தத்துக்கு நாள் பார்ப்பதுபோல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் இப்போதே ஒரு நாள் பார்த்துவிடுங்கள். சாட்சிக்கு வருகிறவர்கள் ஆதாரில் உள்ளபடியே பெயரைச் சொல்லட்டும், வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம்.