வாய் ஒண்ணு, சத்தம் ஒண்ணு

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைச்சல். அதனால ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதிடறேன்.

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். நமக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கிழக்கே வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினா தமிழ்நாடு. ஒரு நாள் காலையில பையன் (வயசு ஏழு, டாலஸ்ல பொறந்தவன்) டிவி முன்னாடி உக்காந்திருந்தான். 'தாரக் மேத்தா கா சோட்டா சஷ்மா' கார்ட்டூன். முதல்ல இந்தியில ஓடிச்சு. ரிமோட்ல எதையோ அமுக்கினான், தமிழுக்கு மாறிடுச்சு. பக்கத்துல உக்காந்து சாயா குடிச்சிட்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்துட்டுச் சொன்னார்: "பரவால்லயே! இவங்களுக்கு வாய் சரியா ஒட்டுதே!"

இது என்ன பெரிய விஷயம்னு கேக்கறீங்களா? அப்ப கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும்.

எங்க மாமா மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்ல வேலையில இருந்தார். எங்க சித்தூர் அந்தக் காலத்துல கொச்சி சமஸ்தானம், மாமா இருந்த தேவிகுளம் திருவிதாங்கூர். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு பெரிய போராட்டமே நடந்தது. ஆனா 1956ல ரெண்டு பக்கமும் கேரளாவுலதான் நின்னுச்சு. கோடு போட்டவங்க போட்டுட்டாங்க, வீட்டுக்குள்ள பேச்சு மாறலை. மாமா வீட்டு ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பினா தமிழ் வரும். காத்தடிச்சு ஆண்டெனா திரும்பிட்டா ஒரே புள்ளி மழை. "இப்பத் தெரியுதா? இப்ப?"னு ஓட்டு மேல இருந்து மாமா கத்துவார். கொடைக்கானலை நம்பித்தான் எங்க லீவு நாள் எல்லாம் ஓடிச்சு.

அப்புறம் கேபிள் வந்தது, இந்தி சீரியல் எல்லாம் தமிழ் பேசிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்தது. அப்பாவுக்கு ஆகவே ஆகாது. "வாய் ஒண்ணு பேசுது, சத்தம் ஒண்ணு பேசுது"ன்னு எழுந்து திண்ணைக்குப் போயிடுவார். நடிகரோட உதடு இந்தியில அசையும்போது காதுல தமிழ் கேட்டா, யாரோ ஏமாத்தற மாதிரி இருக்குமாம். அதே மனுஷன்தான் இப்ப ஒரு இந்தி சீரியலோட கார்ட்டூனை உக்காந்து பார்க்கிறார்.

ஓடிட்டிருக்கிற சீரியலை எதுக்குக் கார்ட்டூன் ஆக்கணும்? ஊருக்குத் திரும்பின அப்புறம் இதைப் பத்திக் கொஞ்சம் தேடிப் படிச்சேன்.

இது அமெரிக்காக்காரன் எழுபதுகள்லயே கண்டுபிடிச்ச வித்தை. அதுக்கும் முன்னாடி, 1960ல வந்த 'ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூன், 'ஹனிமூனர்ஸ்'ங்கிற காமெடி சீரியலோட சாயல்தான். ஆனா பேரோட, ஆளோட அப்படியே மாத்தினது அப்புறம்தான். 'ஸ்டார் ட்ரெக்' 1966ல இருந்து 69 வரைக்கும் 79 எபிசோடு ஓடி நின்னு போச்சு. 1973ல ஃபில்மேஷன் கம்பெனி அதைக் கார்ட்டூனாக் கொண்டு வந்தது, 22 எபிசோடு. செட்டு போட வேண்டாம், மூணு கை மூணு கால் இருக்கிற ஆளைக் கூடக் கப்பல்ல வேலைக்கு வைக்கலாம். வரைஞ்சாப் போதும்.

ஆனா அங்கேயும் பட்ஜெட் பிரச்சினை. செக்கோவா நடிச்ச வால்டர் கோனிக்கைக் காசு பத்தலைன்னு விட்டுட்டாங்க. (பாவம், அவரை ஒரு எபிசோடு எழுத மட்டும் கூப்பிட்டாங்க.) உஹுரா, சுலு ரெண்டு பேருக்கும் வேற ஆளையே குரல் கொடுக்க வைக்கலாம்னும் ஒரு திட்டம். ஒருத்தர் கறுப்பினப் பெண், இன்னொருத்தர் ஜப்பானிய வம்சாவளி. ஸ்பாக்கா நடிச்ச லெனார்ட் நிமாய், அவங்க ரெண்டு பேரும் இல்லாம நானும் வரமாட்டேன்னு நின்னார். அப்புறம்தான் நிஷெல் நிக்கோல்ஸும் ஜார்ஜ் டக்கேயும் உள்ளே வந்தாங்க. கார்ட்டூன்ல முகத்தை யார் வேணா வரையலாம். குரல் யாரோடதுங்கிறதுதான் கேள்வி. இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்த காரணம் வயசு. நம்ம மிஸ்டர் பீன் 1990ல இருந்து 95 வரைக்கும் வந்தது வெறும் பதினஞ்சு எபிசோடு. உலகம் பூரா இன்னும் ஓடுது. குழந்தை மாதிரி சேட்டை பண்ற ஒரு ஆளை ஐம்பது வயசுல செஞ்சா பார்க்கறவங்களுக்குப் பாவமா இருக்கும்னு ரோவன் அட்கின்சனே சொல்லியிருக்கார். 2002ல பீன் கார்ட்டூன் ஆனார். குரல் அட்கின்சன்தான், வயசு மட்டும் ஏறவே இல்லை. வீட்டுக்கார அம்மா மிஸஸ் விக்கெட்டும் அவங்க பூனையும் கார்ட்டூனுக்காகச் சேர்த்தவங்க.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1997ல இருந்து 2005 வரைக்கும் தூர்தர்ஷன்ல ஓடின 'சக்திமான்' 2011ல கார்ட்டூன் ஆச்சு. அதை விடப் பெரிய உதாரணம் 'தாரக் மேத்தா'. மூலம் குஜராத்தி வாரப் பத்திரிகை 'சித்ரலேகா'வுல 1971ல தொடங்கின ஒரு பத்தி. அது 2008ல சீரியல் ஆச்சு. சீரியல்ல சுட்டிப் பையன் தப்பு வளர்ந்து இளைஞன் ஆயிட்டான். நடிச்ச பையன் 2017ல விலகி வேற ஆள் வந்தார். தயாவா நடிச்ச திஷா வகானி அதே வருஷம் பிரசவ லீவுல போனவங்க, முழு நேரமாத் திரும்பி வரவே இல்லை. தயா இல்லாமலேயே சீரியல் வருஷக்கணக்கா ஓடிச்சு. 2021 ஏப்ரல்ல கார்ட்டூன் வந்தது. அதுல தப்பு இன்னும் சின்னப் பையன். தயா வீட்டுலதான் இருக்காங்க. நிஜத்துல கலைஞ்சு போன குடும்பம் படத்துல கலையாம இருக்கு. ஊரை விட்டு வந்த நமக்கு இந்த ஆசை புரியாதா என்ன?

மூணாவது காரணம்தான் எங்க அப்பா கண்டுபிடிச்சது: நாக்கு. டிவி கார்ட்டூன்ல செலவைக் குறைக்க, முகத்தை அப்படியே வெச்சுட்டு வாயை மட்டும் மாத்தி மாத்தி ஒட்டுவாங்க. மூடின வாய், திறந்த வாய், குவிஞ்ச வாய்னு சில வடிவம்தான். அந்த வாய்க்கு இந்தியும் பொருந்தும், தமிழும் பொருந்தும். உதடு எந்த மொழிக்கும் சொந்தம் இல்லை. அதனாலதான் நடிகர் நடிச்ச சீரியலை விடக் கார்ட்டூன் சுலபமா எல்லை தாண்டுது. கோடு எங்கே போட்டா என்ன, அதுக்குச் செக்போஸ்ட் கிடையாது.

சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு உறுத்துச்சு. பையன் அந்த லீவுல நிறையத் தமிழ் கத்துக்கிட்டான். எல்லாம் டப்பிங் ஸ்டூடியோ தமிழ். "தாத்தா, நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"ன்னு எழுத்துக்கு எழுத்து சுத்தமாக் கேட்டான். எங்க பக்கம் அப்பாவோட அப்பாவை அப்பாருன்னு கூப்பிடுவோம். ஒவ்வொரு பேச்சுலயும் ஒரு 'ங்க' ஒட்டும், நடுவுல ரெண்டு மலையாளச் சொல் விழும். கோயம்புத்தூர் போனா மலையாள வாடைம்பாங்க, பாலக்காடு டவுனுக்குப் போனா தமிழன்பாங்க. இந்தப் பேச்சுக்கு எந்த ஸ்டூடியோவுலயும் மைக் கிடையாது. எங்களுக்காக வரமாட்டேன்னு நிக்க ஒரு நிமாயும் கிடையாது.

கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, மத்தியானம். தங்கமணி தூங்கறாங்கன்னு சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சுட்டுப் பையன் மிஸ்டர் பீன் கார்ட்டூன் பார்த்துட்டிருந்தான். மிஸஸ் விக்கெட் கதவைத் திறந்து கத்தறாங்க, பீன் முழிக்கிறார். பக்கத்துல இருந்து அப்பா மெதுவாப் பேச ஆரம்பிச்சார்.

"ஏனுங்க அம்மணி, உங்க பூனை எங்கூட்டுக்குள்ள வந்தா நானென்னங்க பண்றது?"

பையன் திரும்பிப் பார்த்தான். அப்பா நிறுத்தலை. அந்த அம்மாவுக்கு ஒரு குரல், பூனைக்கு ஒரு குரல். எழுபத்தி நாலு வயசு, இந்த மனுஷனுக்குள்ள இவ்வளவு கூத்து இருக்குன்னு எனக்கே தெரியாது. வாய் கச்சிதமா ஒட்டுச்சு. பையன் சிரிச்ச சிரிப்புல தங்கமணி எழுந்து வந்துட்டாங்க.

இப்ப எங்களுக்கு சனிக்கிழமை ராத்திரி, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலை. இங்கே டிவியில பீன் ஓடும், சத்தம் இருக்காது. போனை டிவி பக்கம் திருப்பி வெச்சுடுவோம். கொழிஞ்சாம்பாறையில இருந்து குரல் வரும். லைன் கொஞ்சம் பிந்தி வரும்போது வாய் ஒண்ணு, சத்தம் ஒண்ணு ஆயிடும். பையன் கேமராவைச் சரி பண்ணிட்டுக் கத்துவான்:

"அப்பாரு, இப்பத் தெரியுதுங்களா? இப்ப?"