டிரம் சுற்றுகிறது, சூடு இல்லை: மழைக்காலத்தில் டிரையரைச் சோதிப்பது எப்படி?

கள்ளிக்காடு (கேரளம்): தமிழக எல்லையை ஒட்டிய கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. கொடியில் போட்ட துணி காயாமல் வாடை வீசும் இம்மாதங்களில், துணி உலர்த்தும் இயந்திரமான டிரையர் கைகொடுக்கிறது. அது சுற்றியும் சூடு தராவிட்டால் வீட்டிலேயே சரிபார்க்கக் கூடியவை எவை, தொடவே கூடாதவை எவை என்பது குறித்த விளக்கம்:

முதலில், அது சூடாகும் இயந்திரமா?

இரட்டைத் தொட்டி கொண்ட செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் இரண்டாவது தொட்டியையும் 'டிரையர்' என்றே அழைக்கிறோம். அது துணியை வேகமாகச் சுற்றி நீரைப் பிரித்தெடுப்பதற்கு மட்டுமே ஆனது. வெப்பமூட்டும் பாகம் அதில் பொதுவாக இருப்பதில்லை. எனவே அதில் சூடு வராதது பழுதன்று.

ஹீட் பம்ப் வகை டிரையர்கள் மற்றவற்றைவிடக் குறைந்த வெப்பநிலையில் இயங்குவதால், தொட்டுப் பார்த்தால் சூடு குறைவாகவே தெரியும். எந்த வகையானாலும், குளிர்ந்த காற்று மட்டும் வீசும் அமைப்பு தேர்வாகியுள்ளதா என்பதைப் பார்க்க வேண்டும். இறுதிச் சில நிமிடங்களில் துணியை ஆற்றுவதற்காகச் சூடு தானாக நிற்பதும் இயல்பே.

மின்னழுத்தம் குறைந்தால்

அமெரிக்க விளக்கக் காணொலிகள், டிரையர் சூடாகாவிட்டால் இரண்டு பிரேக்கர்களில் ஒன்று விழுந்திருக்கலாம் எனக் கூறுவதுண்டு. அங்கு ஹீட்டருக்கு 240 வோல்ட், மோட்டாருக்கு 120 வோல்ட் எனப் பிரித்து வழங்கப்படுவதால் அது பொருந்தும். நம் வீடுகளில் ஒரே 230 வோல்ட் இணைப்பில்தான் இரண்டும் இயங்குகின்றன. இங்கு பார்க்க வேண்டியது மின்னழுத்தத்தின் அளவையே.

ஹீட்டர் தரும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1,225 வாட் மட்டுமே தரும். அதாவது மின்னழுத்தம் 22 சதவீதம் குறைந்தால், வெப்பம் 39 சதவீதம் குறைகிறது. டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். துணி மட்டும் காயாது.

இத்தகைய டிரையர் சுமார் 9 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். எனவே 16 ஆம்பியர் சுவர் பிளக்கில் நேரடியாக இணைக்க வேண்டும்; எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது. மின்னழுத்தம் தொடர்ந்து குறைவாக இருந்தால், கேரள மின்வாரியத்திடம் 1912 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

பஞ்சுத்தூசி அடைப்பு

துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசி வடிகட்டியில் சேர்ந்தால் காற்றோட்டம் தடைபடும். வெளியேற முடியாத வெப்பம் உள்ளேயே தேங்க, பாதுகாப்புச் சாதனம் ஹீட்டரை நிறுத்திவிடும். அதாவது, அளவுக்கு மீறிச் சூடானதால்தான் இப்போது சூடு வரவில்லை.

ஒவ்வொரு முறையும் வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். வெளியேற்றுக் குழாய் உள்ள வகையில், அது மடங்கியோ அடைபட்டோ இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கண்டன்சர் வகையில், கையேட்டில் கூறியபடி கண்டன்சரையும் கழுவ வேண்டும். டிரம்மைத் துணியால் திணித்து நிரப்புவதும் காற்றோட்டத்தைத் தடுக்கும்.

உள்பாகங்கள்: பயிற்சி பெற்றவருக்கு மட்டும்

இவற்றுக்குப் பிறகும் சூடு வராவிட்டால், தெர்மல் ஃபியூஸ், தெர்மோஸ்டாட், ஹீட்டிங் காயில் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மல்டிமீட்டரில் நல்ல தெர்மல் ஃபியூஸ் ஏறத்தாழ பூஜ்ஜியம் ஓம் காட்டும். 2,000 வாட் காயிலின் மின்தடை சுமார் 26 ஓம்; அறுந்திருந்தால் இணைப்பே காட்டாது. காயில் இயந்திரத்தின் உடல் தகட்டைத் தொட்டு மின்கசிவு ஏற்பட்டால், வீட்டின் ஆர்சிசிபி சுவிட்ச் விழும். அதை மீண்டும் மீண்டும் மேலே தூக்கிவிட்டு இயக்குவது உயிருக்கு ஆபத்து.

ஃபியூஸை 'நேரடியாக' இணைக்கக் கூடாது

தெர்மல் ஃபியூஸ் ஒருமுறை அறுந்தால் மாற்றியே ஆக வேண்டும். செலவை மிச்சப்படுத்த, அதை நீக்கிவிட்டு இரு கம்பிகளையும் முறுக்கி இணைத்தால் சூடு உடனே திரும்பும். ஆனால் தீயைத் தடுக்கும் கடைசிக் காவல் போய்விடும். புதிய ஃபியூஸ் பொருத்தும்போதும், அது ஏன் அறுந்தது என்பதைக் கண்டறியாவிட்டால் மீண்டும் அறுந்துவிடும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் பதிவாகியுள்ளன. முக்கியக் காரணம், சுத்தம் செய்யாதது. 2016 ஆகஸ்டில் லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏற்பட்ட தீக்கும் பழுதான டிரையரே காரணம் என அந்நகரத் தீயணைப்புப் படை தெரிவித்தது.

எனவே வீட்டினர் கைக்கொள்ள வேண்டிய வரிசை இதுதான்: இயந்திர வகை, அமைப்பு, மின்னழுத்தம், தூசி. அதற்கு மேல் பயிற்சி பெற்றவரின் பணி. பழுதுபார்ப்பவர் வேலையை முடித்ததும், ஃபியூஸ் மாற்றப்பட்டதா, நேரடியாக இணைக்கப்பட்டதா என ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். கருகல் வாடை வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஆள் இல்லாத வீட்டிலும், அனைவரும் உறங்கும் நேரத்திலும் டிரையரை இயக்காதீர்கள்.