மாக்கர்

ஸ்காட்டு மொழியில் கவிஞருக்கு 'மாக்கர்' என்று பெயர். 'செய்' என்னும் பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல். செய்பவர் என்பதே பொருள். கவிஞரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் அப்படிப் பிறந்ததுதான். 15, 16ஆம் நூற்றாண்டுகளின் ராபர்ட் ஹென்ரிசன், வில்லியம் டன்பார் போன்றோரை இச்சொல்லால் சுட்டுவார்கள். டன்பார் நான்காம் ஜேம்ஸ் மன்னரின் அவைக்கவிஞர். ஏட்டுப் புலவர்களின் பட்டத்தை நாட்டார் மரபில் பாட்டுக் கட்டுவோருக்குச் சூட்டலாமா என்று கேட்கலாம். வரலாற்றளவில் கேள்வி நியாயமே. தொழிலைப் பார்த்தால், அவர்களுக்குத்தான் இது கூடுதலாகப் பொருந்துகிறது.

ஜேம்ஸ் ஜான்சன் 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட 'ஸ்காட்ஸ் மியூசிகல் மியூசியம்' பாடல் தொகுப்புக்கு ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பாட்டெழுதிய முறையே சான்று. மெட்டு முதலில், சொல் பிறகு. பழைய மெட்டொன்றை முணுமுணுத்து, அதன் போக்கு பிடிபட்ட பின்பே எழுதுவார். ஸ்ட்ராத்ஸ்பே என்னும் நடன மெட்டில் அழுத்தம் விழும் சுரம் சட்டென முடிய, அடுத்தது நீளும். அந்தக் குறுகிய இடத்தில் நீண்ட அசையை வைத்தால் நாக்குத் தடுமாறும். பழைய பல்லவி கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு சரணங்களைப் புதிதாகக் கட்டுவார். இது திருட்டல்லவா? மூலத்துக்கே ஆசிரியர் பெயரில்லாமல் வாய்வழி மாறிவந்த மரபில் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அந்த மாற்றம் பர்ன்ஸோடும் நிற்கவில்லை: சிவப்பு ரோஜாவைப் பாடும் அவருடைய புகழ்பெற்ற பாட்டே இன்று, முதலில் அச்சானதல்லாத வேறொரு மெட்டில்தான் பாடப்படுகிறது. மாக்கர் என்ற சொல்லும் பழையதாகிப் போய்விடவில்லை. 2004இல் ஸ்காட்லாந்து தன் தேசியக் கவிஞர் பதவிக்கும் மாக்கர் என்றே பெயரிட்டது. அப்பதவியில் முதலில் அமர்ந்தவர் எட்வின் மார்கன்.